தோடம்பழ அடுக்கிலிருந்து தொலைபேசி வரை: எட்டுப் பரிமாணக் கோளக் கணக்கால் என்ன பயன்?

2022 யூலை 5 ஆம் திகதி பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் உக்ரேனியக் கணிதவியலாளர் மரினா வியாசோவ்ஸ்காவுக்குக் கணிதத்தின் உயர் விருதான பீல்ட்ஸ் பதக்கம் வழங்கப்பட்டது. அப்பதக்கத்தைப் பெற்ற இரண்டாவது பெண் அவர். எட்டுப் பரிமாண வெளியில் கோளங்களை மிக நெருக்கமாக அடுக்குவது எப்படி என்ற கேள்விக்கு விடை கண்டமைக்காகவே அந்த விருது என்று செய்திகள் சொல்லின. வாசித்த எம்மில் பலருக்கும், எமது பிள்ளைகளுக்கும், எழுந்த கேள்வி ஒன்றுதான்: எட்டுப் பரிமாணத்தில் யார் என்னத்தை அடுக்கப் போகிறார்கள்? அந்தக் கேள்விக்கே இங்கு பதில் தேடுகிறோம்.

கதை பழக்கடையில் தொடங்குகிறது. சந்தையில் தோடம்பழங்களைக் கூம்பாக அடுக்கும் வியாபாரி, கீழடுக்கின் மூன்று அல்லது நான்கு பழங்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் மேலடுக்குப் பழத்தை வைக்கிறார். இதை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இப்படி அடுக்கினால் இடத்தில் ஏறத்தாழ 74 சதவீதம் நிரம்பும். இதைவிட நெருக்கமாக அடுக்கவே முடியாது என்று ஜோஹான்னஸ் கெப்ளர் 1611 இல் எழுதினார், ஆனால் நிறுவவில்லை. அந்தக் கேள்வி அவரிடம் வந்த வழியும் சுவையானது: கப்பலின் தளத்தில் பீரங்கிக் குண்டுகளை அடுக்குவது பற்றி வோல்டர் ராலே தன்னிடம் பணியாற்றிய தோமஸ் ஹரியட்டிடம் கேட்க, ஹரியட் அதைப் பற்றிக் கெப்ளருடன் கடிதத்தொடர்பு கொண்டார். பழ வியாபாரிக்குத் தெரிந்ததை நிறுவ ஏறத்தாழ 400 ஆண்டுகள் ஆகின. 1998 இல் அமெரிக்கரான தோமஸ் ஹேல்ஸ் கணினியின் உதவியோடு நிறுவலை முன்வைத்தார். அதனைச் சரிபார்க்க அமர்த்தப்பட்ட 12 நடுவர்கள் 99 சதவீதம் உறுதி என்று சொல்லிக் களைத்துப் போனார்கள். மிகுதி ஒரு சதவீதத்திற்காக ஹேல்ஸ் நிறுவலின் ஒவ்வொரு படியையும் கணினியே சரிபார்க்கும் வகையில் மீள எழுதும் வேலையில் இறங்கினார். அது 2014 இல் முடிந்தது.

எட்டுப் பரிமாணம் என்றால் என்ன? பரிமாணம் என்பது மாயம் அல்ல, ஒன்றைக் குறிக்கத் தேவையான எண்களின் எண்ணிக்கை. ஊரில் சாதாரண தரப் பரீட்சைக்கு எட்டுப் பாடங்கள் எழுதியவர்கள் எம்மிடையே நிறையப் பேர். அந்தப் புள்ளிப் பட்டியல் எட்டு எண்களால் ஆனது, ஆகவே ஒவ்வொரு மாணவரும் எட்டுப் பரிமாண வெளியில் ஒரு புள்ளி. இரண்டு மாணவர்களுக்கு இடையிலான தூரத்தையும் கணிக்கலாம். பாடவாரியாக வித்தியாசங்களை எடுத்து, வர்க்கித்து, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் போதும். பைதகரசின் தேற்றம்தான், இரண்டுக்குப் பதிலாக எட்டு எண்கள். ஒரு புள்ளியிலிருந்து குறித்த தூரத்திற்குள் இருக்கும் எல்லாப் புள்ளிகளும் சேர்ந்தால் அது எட்டுப் பரிமாணக் கோளம்.

இனிப் பயனுக்கு வருவோம். தொண்ணூறுகளில் தொலைபேசி அட்டை வாங்கி, இலக்கங்களைச் சுரண்டி, ஊருக்கு அழைத்தவர்களுக்கு இரைச்சல் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. பாதிச் சொல் கேட்கும், பாதி கடலில் போய்விடும். 1948 இல் குளோட் ஷனன் என்ற அமெரிக்கர் இந்த இரைச்சலை வடிவகணிதமாகப் பார்த்தார். அனுப்பும் சமிக்ஞையை எண்களின் தொடராக எழுதினால் அது பல பரிமாண வெளியில் ஒரு புள்ளி. வழியில் இரைச்சல் அந்தப் புள்ளியைச் சற்றே நகர்த்திவிடும். எவ்வளவு தூரம் நகர்த்தும் என்பது ஓரளவு தெரிந்தால், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் அந்த அளவில் ஒரு கோளம் வரையலாம். கோளங்கள் ஒன்றையொன்று மேவாவிட்டால், நகர்ந்து வந்த புள்ளி எந்தக் கோளத்தினுள் இருக்கிறது என்று பார்த்து, அனுப்பியது எது என்று பெறுபவர் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் அனுப்பும் வலு மட்டுப்பட்டது, அதனால் புள்ளிகளை விரும்பிய அளவு தூரத்தில் வைக்க முடியாது. உள்ள இடத்தில் எத்தனை கோளங்களை அடுக்கலாம் என்பதே எத்தனை வேறு செய்திகளை அனுப்பலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. தோடம்பழக் கேள்வி இங்குதான் திரும்பி வருகிறது.

இது வெறும் கற்பனை அல்ல. 1979 இலிருந்து 1981 வரை வொயேஜர் விண்கலங்கள் வியாழனையும் சனியையும் எடுத்த வண்ணப்படங்கள் கோலே குறியீடு என்ற வழுத்திருத்த முறையில் பூமிக்கு வந்தன. அந்தக் கலங்களின் ஒலிபரப்பியின் வலு ஏறத்தாழ 23 வாற்று, ஒரு சிறிய மின்குமிழ் அளவுதான். 12 துணுக்குகள் கொண்ட செய்தியை 24 துணுக்குகளாக நீட்டி அனுப்பினால், அவற்றில் எந்த மூன்று கெட்டுப்போனாலும் முழுச் செய்தியையும் மீட்டுவிடலாம். இதே குறியீட்டிலிருந்துதான் ஜோன் லீச் 1960களில் 24 பரிமாண அடுக்கு ஒன்றைக் கட்டினார். இரசாயனவியலில் உப்புப் பளிங்கின் சாலகம் படித்தவர்களுக்கு இது விளங்கும்: ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் புள்ளிகளின் அமைப்பு. லீச் சாலகத்தில் ஒரு கோளத்தை 1,96,560 கோளங்கள் தொட்டுக்கொண்டிருக்கும். எட்டுப் பரிமாணத்தில் அதன் தம்பி ஈ8 சாலகம். அங்கு ஒரு கோளத்தைத் தொடுவன 240. எண்பதுகளிலேயே தொலைபேசி மொடெம்களுக்கு இச்சாலகங்களைப் பயன்படுத்தினார்கள்.

அப்படியானால் நிறுவலுக்கு முன்பே பயன் வந்துவிட்டதே என்று கேட்கலாம். உண்மைதான், இதை மறைப்பதில் பொருளில்லை. ஈ8 மிக நல்ல அடுக்கு என்று பொறியியலாளர்களுக்குத் தெரியும். இதைவிட நல்லதொன்று எங்காவது ஒளிந்திருக்கிறதா என்பதுதான் தெரியாமல் இருந்தது. 2003 இல் ஹென்றி கோன், நோம் எல்கிஸ் இருவரும், ஒரு குறித்த சார்பைக் கண்டுபிடித்தால் அந்த ஐயம் தீர்ந்துவிடும் என்று காட்டினார்கள். அந்தச் சார்பு பல ஆண்டுகள் யாருக்கும் அகப்படவில்லை. 2016 மார்ச் 14 ஆம் திகதி, அப்போது பேர்லினில் ஆய்வாளராக இருந்த வியாசோவ்ஸ்கா, 23 பக்கக் கட்டுரையில் அதை எழுதிக் காட்டினார். ஹேல்சின் நூற்றுக்கணக்கான பக்கங்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சிறியது என்பது விளங்கும். ஒரு வாரத்தில், கோன், அபினவ் குமார், ஸ்டீபன் மில்லர், டானிலோ ராட்சென்கோ ஆகியோருடன் சேர்ந்து 24 பரிமாணத்தையும் முடித்தார்.

அந்தச் சார்பைக் கட்டிய செங்கற்களைப் பற்றி எமது பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லலாம். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் படித்த சீனிவாச இராமானுஜன் 1916 இல் ஒரு கட்டுரையில் மூன்று தொடர்களை எடுத்து, அவற்றுக்கிடையிலான தொடர்புகளை எழுதினார். அதே மூன்று தொடர்கள் வியாசோவ்ஸ்காவின் சார்பிலும் நிற்கின்றன. இராமானுஜன் கோளம் அடுக்க நினைத்து அவற்றை எழுதவில்லை.

நிறுவல் தந்த முதற்பயன் நிச்சயம். எட்டு எண்களைக் கொண்டு வேலை செய்பவர் இதைவிட நெருக்கமான அடுக்கைத் தேடிக் காலத்தைச் செலவிட வேண்டியதில்லை. 2024 இல் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளைச் சுருக்க ஈ8 சாலகத்தையே எடுத்தார்கள். அம்மாதிரிகளில் கோடிக்கணக்கான எண்கள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் வழமையாக 16 துணுக்குகள். எண்களை எட்டெட்டாகச் சேர்த்து, ஈ8 இலிருந்து எடுத்த 65,536 புள்ளிகளில் அருகிலுள்ளதோடு பொருத்தினால், எட்டு எண்களுக்கும் சேர்த்தே 16 துணுக்குகள் போதும். பெரிய மாதிரி ஒன்று சிறிய கணினியில் ஓட இது வழி செய்கிறது.

இன்னொன்று குறியாக்கம். 2023 இலிருந்து சிக்னல் செயலியும், 2024 இல் அமெரிக்க நியமங்கள் நிறுவகம் அறிவித்த புதிய நியமமும், எதிர்காலக் குவாண்டம் கணினிகளால் உடைக்கக் கடினமான குறியாக்கத்திற்குச் சாலகங்களையே நம்பியுள்ளன. நூற்றுக்கணக்கான பரிமாணங்கள் உள்ள சாலகத்தில் மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம் என்பதே அதன் பூட்டு. இதை வியாசோவ்ஸ்காவின் நிறுவலின் நேரடி விளைவு என்று சொல்வது மிகைப்படுத்தல். ஒரே குடும்பத்துக் கேள்விகள் என்பதே சரி. அதுபோல இன்றைய 5ஜி வலையமைப்பிலும் ஈ8 இல்லை. அங்கு விரைவாக வழுவைக் கண்டுபிடிக்கக்கூடிய வேறு குறியீடுகள் உள்ளன. கோளங்கள் மேவக்கூடாது என்ற எண்ணம் மட்டும் பொது. ஊருடன் பேசுவதை வேறொருவர் கேட்கிறாரோ என்ற அச்சத்தோடு வளர்ந்த எம்மவருக்கு, பூட்டின் உறுதி ஏட்டுக் கணக்கு மட்டும் அல்ல.

அந்த விருது விழாவும் அமைதியான காலத்தில் நடக்கவில்லை. கணிதவியலாளர் மாநாடு ரஷ்யாவின் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் நடக்க இருந்தது. படையெடுப்பின் பின் அது இணையவழிக்கு மாறி, விருது வழங்கல் ஹெல்சிங்கிக்குப் போனது. வியாசோவ்ஸ்கா சுவிஸின் லோசானில் பேராசிரியர். போர் தொடங்கியதும் கீவிலிருந்த சகோதரிகள் பிள்ளைகளுடன் சுவிஸுக்கு வந்து சேர்ந்தார்கள். வீட்டை விட்டு வர மறுத்த பாட்டியோடு பெற்றோர் அங்கேயே தங்கினார்கள். எமது வீடுகளில் இந்த வரியை வாசிப்பவர்களுக்கு விளக்கம் தேவையிராது.

இந்தக் கணக்கில் ஆர்வம் கொள்ளும் பிள்ளைக்கு ஒரே அளவு நாணயங்கள் ஏழு கொடுங்கள். ஒன்றைச் சுற்றி ஆறு சரியாகப் பொருந்தும், ஏழாவதற்கு இடமிராது. பிறகு நான்கு பரிமாணத்தில் மிக நெருக்கமான அடுக்கு எது என்று கேளுங்கள். நல்ல அடுக்கு ஒன்று தெரியும். அதைவிட நல்லது இல்லை என்று நிறுவியவர் இன்னும் எவரும் இல்லை. ஐந்து, ஆறு, ஏழு பரிமாணங்களுக்கும் அப்படித்தான்.