படகு டிரெய்லர் மறுபூச்சு

துருவேறி நிறம் வெளுத்த எஃகுப் படகு டிரெய்லரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பூச்சும் மேற்பூச்சும் கொடுக்கும் வேலை. அமெரிக்காவில் பெரும்பாலும் படகுக்காரரே வீட்டு வாசலில் வைத்துச் செய்துகொள்கிறார். டிரெய்லர்கள் பெருகியது சிறு படகுகளோடுதான். ஓலே எவின்ரூட் 1909-இல் படகின் பின்புறம் மாட்டும் மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அலுமினியப் படகுகளும் கண்ணாடியிழைப் படகுகளும் பெருகின. படகை ஏரிக்கரையில் விட்டுவைக்காமல் டிரெய்லரில் ஏற்றி, காருக்குப் பின்னால் கட்டி வீட்டுக்கே இழுத்துவரும் பழக்கம் அதன்பிறகே பரவலாயிற்று.

சாலை வண்டிகளில் தெரிந்தே தண்ணீருக்குள் இறக்கப்படுவது ஏறக்குறைய படகு டிரெய்லர் ஒன்றுதான். சரிவுத்தளத்தில் பின்னோக்கித் தள்ளி, படகு மிதக்கும்வரை சட்டத்தை முக்குகிறார்கள். சதுரக் குழாய்ச் சட்டமானால் தண்ணீர் உள்ளே புகுந்து தங்கிவிடும். அதனால் வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே குழாய் உள்ளிருந்து அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கலாம். அமெரிக்காவின் வடமாநிலங்களில் பனிக்காலச் சாலைகளில் கொட்டப்படும் உப்பும் இதில் சேர்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பருமனானது. பெயின்டைக் கீழிருந்து தூக்கிப் பொருக்காக உதிர்ப்பது அதுவே. நுண்துளைகள் நிறைந்திருப்பதால் ஈரத்தையும் உப்பையும் பிடித்துவைத்துக்கொள்ளும்.

மீனெண்ணெயும் செவ்வீயமும்

துருவேறிய இரும்பின்மேல் நேரடியாகப் பூசும் பெயின்டின் கதை ஒரு கப்பலின் மேல்தளத்தில் தொடங்குகிறது. ராபர்ட் ஃபெர்குசன் என்னும் கப்பல் தலைவர், துருப்பிடித்த தளத்தில் மீனெண்ணெய் சிந்திய இடத்தில் மட்டும் துரு மேலும் பரவாததைக் கவனித்தார். எண்ணெய் எளிதில் காயாது; வாடையும் போகாது. இவ்விரண்டையும் சரிசெய்ய முயன்று, 1921-இல் அவர் தொடங்கிய நிறுவனமே ரஸ்ட்-ஓலியம். ஓலியம் என்பது எண்ணெயைக் குறிக்கும் லத்தீன் சொல். மீனெண்ணெய் துருவின் நுண்துளைகளுக்குள் ஊறி இறங்கும். பிறகு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகும். மரப்படகுக்கு மீனெண்ணெய் பூசும் வழக்கம் இந்தியக் கடற்கரைகளிலும் உண்டு. அங்கே காக்கப்படுவது இரும்பல்ல, பலகை.

ரஸ்ட்-ஓலியத்துக்கு முன்பிருந்தே எஃகின் காவலாக இருந்தது ஆளிவிதை எண்ணெயில் குழைத்த செவ்வீயம். ஈயமும் எண்ணெயும் வினைபுரிந்து உண்டாகும் ஈயச் சோப்புகள் அரிப்பைத் தடுத்தன. கப்பல், பாலம், நீர்த்தொட்டி எல்லாவற்றுக்கும் அந்தச் செம்மஞ்சள் பூச்சே அடித்தளமாக இருந்தது. ஈயம் நஞ்சென்பதால் அமெரிக்கா 1978-இல் பொதுமக்கள் வாங்கும் பெயின்டுகளில் அதற்குத் தடை விதித்தது. பழைய டிரெய்லரைச் சுரண்டும்போது முகமூடி அணியச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். செவ்வீயம் விட்டுப்போன இடத்தில் இன்று இருப்பது ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் ரெட் ஆக்சைடு. அதன் நிறமி இரும்பு ஆக்சைடு, அதாவது துருவுக்கு உறவுக்காரன். துருவைத் தடுக்கத் துருவின் பங்காளியையே பூசுகிறோம் என்பது வேடிக்கைதான். ஆனால் இது ஏற்கெனவே நிலைபெற்ற பொருள், மேலும் மாறாது.

துருவின் தரங்கள்

துருவைத் தரம்பிரித்தவர்கள் சுவீடன் நாட்டினர். 1967-இல் வெளியான அவர்களது தரநிலை, வண்ணப் படங்களோடு எஃகை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் முறையைக் கொண்டிருந்தது. அதுவே பின்னர் 1988-இல் ஐஎஸ்ஓ 8501-1 என்னும் சர்வதேசத் தரநிலை ஆயிற்று. ஆலையில் உருட்டும்போது படியும் கருஞ்செதில் உறுதியாக ஒட்டியிருந்தால் ‘ஏ’. செதில் உதிரத் தொடங்கித் துரு தலைகாட்டினால் ‘பி’. செதில் போய், சிறு குழிகள் ஆங்காங்கே தெரிந்தால் ‘சி’. குழிகள் எங்கும் பரவிவிட்டால் ‘டி’. பல ஆண்டுகள் உப்புநீரில் இறங்கி ஏறிய டிரெய்லர் பெரும்பாலும் கடைசி இரண்டில் ஒன்றாகவே இருக்கும்.

சுத்தம் செய்வதற்கும் தரங்கள் உண்டு. கம்பி பிரஷ், சுரண்டி, அரைக்கும் கருவி ஆகியவற்றால் எட்டக்கூடியவை எஸ்டி 2, எஸ்டி 3. காற்றழுத்தத்தால் துகள்களைப் பீய்ச்சி எட்டுவன எஸ்ஏ 1 முதல் எஸ்ஏ 3 வரை. இடையிலுள்ள எஸ்ஏ 2½-ஐயே தொழிற்சாலைகள் பெரிதும் கேட்கின்றன. பீய்ச்சும் முறைக்கு 1870-இல் காப்புரிமை பெற்றவர் பிலடெல்பியாவின் பெஞ்சமின் டில்மன். அவர் பயன்படுத்திய மணலின் தூசி நுரையீரலைக் கெடுப்பதால் பிரிட்டன் 1949-இல் அதைத் தடைசெய்தது. அதற்கு மாற்றாக வந்தவற்றுள் கார்னெட் ஒன்று. தமிழகத்தின் தென்கோடிக் கடற்கரை மணலில் அது கிடைக்கிறது. இந்த வேலைக்காக ஏற்றுமதியும் ஆகியிருக்கிறது.

துருமாற்றி என்று விற்கப்படும் திரவங்களில் பாஸ்பாரிக் அமிலமோ டானின் அமிலமோ இருக்கும். கடுக்காய் நீரில் இரும்பு பட்டால் கறுக்குமல்லவா, டானின் செய்வதும் அதையேதான். இவை மூலைமுடுக்குகளுக்கு உதவும். துருவைச் சுரண்டி எடுப்பதற்கு ஈடாகா.

பூச்சு

முதலில் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, கிரீஸைத் துடைக்க வேண்டும்; உப்பு மிச்சமிருந்தால் எந்தப் பெயின்டும் கொப்புளிக்கும். சுரண்டிய எஃகு காற்றில் மீண்டும் துரு பூப்பதற்குள், அன்றே பிரைமர் அடித்துவிடுவது நல்லது. சட்டத்தின் விளிம்புகளிலும் பற்றுவைப்புத் தடங்களிலும் பெயின்ட் மெலிந்துபோகும் என்பதால் அங்கே பிரஷால் ஒரு கோட் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். டயர், விளக்கு, 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளத் தகடு ஆகியவற்றை மூடிவிட வேண்டும். பூசப் பயன்படும் ஸ்பிரே பெயின்ட் டப்பா 1949-இல் இல்லினாயைச் சேர்ந்த எட்வர்டு சீமூர் உருவாக்கியது. அதில் முதலில் அடைத்தது அலுமினிய நிறம். சட்டம் நீளமாக இருந்தால் டப்பா கட்டுப்படியாகாது.

துத்தநாகம் பூசிய, அதாவது கால்வனைஸ் செய்த, சட்டத்தின்மேல் சாதாரண எனாமல் நிற்காது. எண்ணெய் சார்ந்த அதன் பிசின் துத்தநாகத்தோடு வினைபுரிந்து சோப்பாகி, தோல்போல உரிந்துவிடும். கால்வனைஸ் என்று தெரியாமல் பூசி ஏமாறுவோர் பலர்.

இன்று உப்புநீர்ப் பகுதிகளில் கால்வனைஸ் எஃகு, அலுமினியச் சட்டங்களே அதிகம் வாங்கப்படுகின்றன. பெயின்ட் பூசிய எஃகுச் சட்டம் நன்னீர் ஏரிப் பகுதிகளில் தொடர்கிறது.