மில்லே மில்யா: கைஜாடையில் ஓடிய கார்

இத்தாலியில் 1927-இல் தொடங்கிய மில்லே மில்யா பந்தயத்துக்குத் தனி மைதானம் கிடையாது. பிரெஸ்சியாவில் கிளம்பி, ரோம் வரை போய்த் திரும்ப வேண்டும். கிட்டத்தட்ட 1600 கி.மீ., அத்தனையும் ஊர்ஜனங்கள் புழங்கும் சாதாரணச் சாலைகள். மலைப்பாதைகளும் உண்டு.

இத்தனை வளைவுகளை யாரால் மனப்பாடம் செய்ய முடியும்? 1955-இல் ஸ்டிர்லிங் மோஸ் ஒரு வழியைக் கையாண்டார். பக்கத்து இருக்கையில் டெனிஸ் ஜென்கின்சன் என்ற தாடிக்காரப் பத்திரிகையாளர். இருவரும் முன்கூட்டியே பாதையை ஓட்டிப் பார்த்து, எந்த வளைவு ஆபத்து, எந்த மேட்டுக்கு அப்பால் சாலை நேராகப் போகிறது என்றெல்லாம் நீளமான காகிதச் சுருளில் குறித்துக்கொண்டார்கள். மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் போடும் இரைச்சலில் பேச்சு எடுபடாது, எல்லாம் கைஜாடைதான். மேட்டுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் ஜாடையை நம்பி வேகம் குறைக்காமல் ஏறினார் மோஸ். (நம்பிக்கை என்றால் இதுவல்லவா!) 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் முடித்தார். சராசரி வேகம் மணிக்கு 157 கி.மீ.க்கு மேல். தனியாக ஓட்டி இரண்டாவதாக வந்த ஃபாஞ்சியோ அரை மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கிவிட்டார்.

அந்தச் சுருளில் சாலை இருந்தது. சாலையோரம் நின்ற ஜனங்கள் இல்லை. 1957 மே 12, குயிதிட்சோலோ அருகே டி போர்டாகோ ஓட்டிய ஃபெராரியின் டயர் வெடித்தது. இத்தனைக்கும் அது வளைவே இல்லாத நேர்ச்சாலை. அவரும் உடன் சென்ற நெல்சனும் பார்வையாளர்கள் 9 பேரும் இறந்தார்கள். அந்த 9 பேரில் 5 பேர் குழந்தைகள். என்ஸோ ஃபெராரி மீது வழக்குப் போட்டார்கள், 1961-இல் விடுவிக்கப்பட்டார். முழுவேகப் பந்தயம் 1957-உடன் நின்றுபோனது. 1977 முதல் அதே பெயரில் பழைய கார்கள் ஓடுகின்றன. அதில் குறித்த நேரத்துக்கு முன்னால் வந்தாலும் புள்ளி போய்விடும்.