எண் உள்ள பாதைகளும் பெயர் இல்லாத பாதைகளும்

தானா ராத்தா என்றால் மலாயில் சமநிலம் என்று அர்த்தம். கேமரன் மலைக்கு முதல்முறை வருகிறவர்கள் இதைக் கேட்டதும் சிரித்துவிடுவார்கள். ஊர் நடுவே ஓடும் நேர்ச்சாலையை விட்டால் சுற்றிலும் ஏற்றமும் இறக்கமும்தான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம். சாலையோரம் தோசைக் கடைக்குப் பக்கத்திலேயே ஸ்டீம்போட் கடை இருக்கும். முதுகில் பையும் கையில் வரைபடமுமாக ஐரோப்பிய இளைஞர்கள் நடந்துகொண்டிருப்பார்கள். இந்தக் கட்டுரை அந்த வரைபடத்தைப் பற்றியது.

அதில் காட்டுப்பாதைகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். 1-ஆம் பாதை குனோங் பிரிஞ்சாங் உச்சிக்கு ஏறுகிறது. அது 2,000 மீட்டருக்கும் மேல், அங்கே பாசி மூடிய மரங்களுக்குள் பட்டப்பகலிலும் மேகம் நுழையும். 4-ஆம் பாதை பாரிட் நீர்வீழ்ச்சிக்கு, குடும்பத்தோடு போகக்கூடியது. 10-ஆம் பாதை தானா ராத்தாவிலிருந்தே குனோங் ஜாசாருக்கு ஏறும். அங்கிருந்து 6-ஆம் பாதையைப் பிடித்தால் பாரத் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் இறங்கலாம். 9-ஆம் பாதை ராபின்சன் நீர்வீழ்ச்சியைத் தாண்டி, கால்முட்டி கழன்றுபோகிற மாதிரி இறங்கி மின்நிலையத்துக்குப் போகும். அதிலிருந்து பிரியும் 9ஏ மெதுவாகச் சரிந்து, போ தோட்டத்துக்குப் போகும் சாலையில் கொண்டுபோய் விடும்.

இந்தப் பாதைகளில் சில உச்சியில் முடிகின்றன, சில தேயிலையில் முடிகின்றன. உச்சிக்குப் போனால் படம் பிடித்துவிட்டுத் திரும்பிவிடலாம். தேயிலையில் இறங்கினால் ஒரு கேள்வி கூடவே வரும். இவ்வளவு செங்குத்தான சரிவை யார் வெட்டித் திருத்தியது?

வழிகாட்டிப் புத்தகங்களில் வேறு பெயர்கள் இருக்கின்றன. முதல் பெயர் வில்லியம் கேமரன். அரசாங்க நில அளவையாளரான அவர் 1885-இல் குலோப் ரியாவ் என்ற மலாய்த் துணைவரோடு இந்த மலைக்குள் வந்தார். உயரத்தில் ஒரு சமவெளியைக் கண்டதாக எழுதினார். ஆனால் பின்னால் வந்தவர்கள் அதைத் தேடிப் போகத் தோதான வரைபடம் எதுவும் அவரிடமிருந்து கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே இறந்தும் போனார். ஒழுங்கான வரைபடம் தராத அளவையாளரின் பெயர்தான் இன்று வரைபடம் முழுக்க இருக்கிறது. அவர் 'கண்டுபிடித்த' போது செமாய் மக்கள் இந்தக் காடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஒராங் அஸ்லி ஒருவர் முதன்முதலாக நாடாளுமன்ற மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது 2019 ஜனவரியில், இதே கேமரன் மலைத் தொகுதி இடைத்தேர்தலில்தான். கேமரன் வந்துபோய் 134 வருடம் கழித்து.

1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகுதான் மலைவாசத்தலம் என்ற யோசனைக்கு உயிர் வந்தது. தாப்பாவிலிருந்து சாலை போட ஆரம்பித்தார்கள். 1930களின் தொடக்கத்தில் வண்டிகள் மேலே வந்தன. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இன்ஜினியர் என்பதால் இந்தச் சாலையில் வரும்போதெல்லாம் மனதுக்குள் சாய்மானக் கணக்குதான் ஓடும். ஏற்றம் வண்டிக்குத் தாங்குகிற மாதிரி இருக்க வேண்டுமானால் நீளத்தைக் கூட்டியாக வேண்டும். அதனால்தான் அத்தனை வளைவு, ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பக்கம் மலையை அரிந்து மறுபக்கம் மண் நிரப்ப வேண்டும். இன்றைக்கு எக்ஸ்கவேட்டர் செய்கிற வேலை அது. அன்றைக்குப் பெரும்பகுதி செய்தது மண்வெட்டியும் கூடையும், அவற்றைப் பிடித்த கைகளும்தான்.

1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கைத் தேயிலை அனுபவம் உள்ள ஏ. பி. மில்ன் என்பவரோடு சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் வந்தது. போ தோட்டத்தின் ஆரம்பம் பற்றி வழக்கமாகச் சொல்கிற கதை ஒன்று உண்டு. தொழிலாளர்கள், சில கோவேறு கழுதைகள், ஒரே ஒரு நீராவி ரோலர், இவற்றை வைத்தே காடு தோட்டமானதாம். நல்ல கதைதான். ஆனால் கவனியுங்கள், ரோலர் எத்தனை என்று அதில் கணக்கு இருக்கிறது. கழுதைகள்கூட 'சில' என்று வருகின்றன. ஆட்களுக்கு எண்ணும் இல்லை, பெயரும் இல்லை.

அந்த ஆட்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தாலும், கங்காணி ஊருக்குப் போய் ஆள் கட்டிக்கொண்டு வருவது தொடர்ந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்ததும் 1930-இல் ஆள் இறக்குவதை நிறுத்தினார்கள். கீழே பால்மரத் தோட்டங்களில் இருந்த பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் மேலே தேயிலைக்காகக் காடு திறந்துகொண்டிருந்தது. 1938-இல் இந்திய அரசு கூலியாட்கள் மலாயாவுக்குப் போவதற்குத் தடை போட்டது. அந்தக் கதவு அதோடு மூடியது.

சுங்கை பாலாஸில் தேயிலைச் சரிவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மேடையில் நின்று எல்லோரும் படம் எடுப்போம். 'பச்சைக் கம்பளம்' என்று எழுதிப் போடுவோம். இதை இயற்கைக் காட்சி என்று நினைக்கிறோம். தேயிலையைச் சும்மா விட்டால் அது மரமாக வளர்ந்துவிடும். இடுப்பளவில் நிற்பது கவாத்து வெட்டுவதால்தான். மேல்பரப்பு அவ்வளவு மட்டமாக இருப்பது, முறைவைத்து யாரோ கொழுந்து எடுத்துக்கொண்டே இருப்பதால்தான். செடிகளுக்கு நடுவே மெல்லிய கோடுகளாகத் தெரிகிறதே, அவை அலங்காரக் கோடு இல்லை. மூட்டையோடு ஆள் நடக்கிற தடம். மேடையிலிருந்து நாம் படம் பிடிப்பது ஒரு வேலைத்தலத்தை. வரைபடத்தில் அந்தத் தடங்களுக்கு எண்கூட இல்லை.

மலையின் தண்ணீருக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1960களில் சுல்தான் அபு பாக்கார் அணை கட்டி முடிந்தபோது, கிழக்கே பகாங் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தெலோம், பெர்த்தாம் ஆறுகளின் நீரைக் குகைவழியாக மேற்கே பேராக் பக்கம் திருப்பினார்கள். தென்சீனக் கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் 100 மெகாவாட் சுல்தான் யூசுப் மின்நிலையத்தைச் சுற்றிவிட்டு மலாக்கா நீரிணைக்குப் போகிறது. ரிங்லெட் ஏரிக்கரையில் நிறுத்திப் படம் எடுக்கிற பலருக்கு அது மனிதன் கட்டிய நீர்த்தேக்கம் என்று தெரியாது. மலைச்சரிவுகளைக் காய்கறித் தோட்டத்துக்காக வெட்டினால் மண் எங்கே போகும்? நேராக அந்த ஏரிக்குத்தான். 2013 அக்டோபரில் பெரும் மழையில் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. மேலே வெட்டியதற்குக் கீழே இருந்தவர்கள் விலை கொடுத்தார்கள்.

கேமரன் மலையின் மிகப் பிரபலமான மர்மம் ஜிம் தாம்சன். தாய்லாந்துப் பட்டுக்கு உலகச் சந்தை பிடித்துக்கொடுத்த அமெரிக்கர். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு, தானா ராத்தாவுக்கு மேலே உள்ள மூன்லைட் பங்களாவிலிருந்து நடக்கப் போனவர் திரும்பவில்லை. போலீஸ், ராணுவம், ஒராங் அஸ்லி வழிகாட்டிகள் என்று நூற்றுக்கணக்கானோர் தேடினார்கள். இன்றும் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு சுற்றுப்பயணிகள் வருகிறார்கள். ஒரு மனிதன் காணாமல் போனால் தேட வேண்டியதுதான், அதில் தப்பில்லை. ஆனால் அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1969-இல், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமானது. நாடெங்கும் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள், பலர் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளோடு, பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். அவர்களும் காணாமல் போனவர்கள்தான். அவர்களைத் தேடி யாரும் காட்டுக்குள் விளக்கோடு போகவில்லை.

இலக்கியத்திலும் நிலைமை பெரிய வித்தியாசமில்லை. டான் ட்வான் எங்கின் ஆங்கில நாவல் 'தி கார்டன் ஆஃப் ஈவினிங் மிஸ்ட்ஸ்' 2012-இல் புக்கர் இறுதிப் பட்டியல் வரை போய், இந்த மலையை உலக வாசகர்களுக்குக் காட்டியது. நல்ல நாவல். ஆனால் அதன் மையம் தோட்ட முதலாளியின் வீடும் ஜப்பானியத் தோட்டக் கலைஞனும்தான். நம்முடைய தோட்ட எழுத்தோ பெரும்பாலும் பால்மரக் காட்டுக்குள்ளேயே நடக்கிறது. சயாம் ரயிலுக்கு அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இருக்கிறது. இந்தக் குளிர்ப் பிரதேசத்து லயங்களுக்கு அப்படி எடுத்து நீட்ட எனக்கு ஒரு நாவல் தட்டுப்படவில்லை.

லயத்தில் ஒரு விதி உண்டு. வேலை இருக்கும்வரைதான் வீடு. மூன்று தலைமுறை இருந்தாலும் அது சொந்த முகவரி ஆகாது. பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். இறங்கியது நல்லதுதான், யாரும் பெரட்டுக்கு நிற்கவே பிறக்கவில்லை. இப்போது வெட்டும் கத்திரியையும் இயந்திரத்தையும் பிடித்திருப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேச, நேபாள, இந்தோனேசியத் தொழிலாளர்கள். அவர்களுக்கும் பெர்மிட்தான், அவர்களுக்கும் வேலை வரைதான் வீடு. முறை மாறவில்லை, ஆள் மாறியிருக்கிறது. நம் கதையை நாம் மறந்தால், இவர்களுக்கு நடப்பதும் நம் கண்ணில் படாது. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

சிலை வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த தடவை தானா ராத்தா போகும்போது 9ஏ பாதையில் இறங்கி, போ சாலையில் நடந்து பாருங்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளி, சின்னக் கோயில், லயம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டிய இடங்களாகவே பாருங்கள். 1938-க்கு முன்னால் வந்தவர்களின் பிள்ளைகளில் மிஞ்சியிருப்பவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களிடம் உட்கார்ந்து, அப்பா எந்த ஊர், எந்தக் கங்காணியோடு வந்தார், எந்தக் காட்டை வெட்டினார் என்று கேட்டு, போனில் பதிவு செய்து வையுங்கள். ஜாசார் மலை எங்கேயும் போகாது, அதை அடுத்த வருடம்கூட ஏறலாம்.