மின்னூலாகாத மூன்று துப்பறிவாளர்கள்

1964ஆம் ஆண்டு நியூயார்க்கின் ராண்டம் ஹவுஸ் பதிப்பகம் சிறுவருக்கான புதிய துப்பறியும் வரிசையொன்றைத் தொடங்கியது. ஜூபிடர் ஜோன்ஸ், பீட் கிரென்ஷா, பாப் ஆண்ட்ரூஸ் என மூன்று சிறுவர்கள். கலிபோர்னியாவில் ராக்கி பீச் என்னும் கற்பனை ஊர். பழைய சாமான் கடையின் குவியலுக்குள் மறைந்து கிடக்கும் டிரெய்லர் வண்டியே அவர்களது தலைமையகம். 'தி த்ரீ இன்வெஸ்டிகேட்டர்ஸ்' என்ற அந்த வரிசையில் 1987 வரை 43 நூல்கள் வெளிவந்தன. இந்திய நகரங்களின் வாடகை நூலகங்களிலும் இவற்றின் மலிவுப் பதிப்புகள் கைமாறிக் கைமாறி நைந்துபோயின. ஆயினும் 2007இல் கிண்டில் அறிமுகமாகிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அமெரிக்கப் பதிப்பகத்திடமிருந்து இவற்றுக்கு முறையான ஆங்கில மின்னூல் வரவில்லை.

பழைய நூல்கள் விலைபோகா என்னும் வழக்கமான விளக்கம் இங்கே பொருந்தாது. 1927இல் தோன்றிய ஹார்டி பாய்ஸும் 1930இல் தோன்றிய நான்சி ட்ரூவும் இவற்றினும் மூத்தவை. அவை மின்னூலாக விற்கின்றன. ஜெர்மனியிலோ, 1968 முதல் காஸ்மோஸ் பதிப்பகம் இதே மூன்று சிறுவர்களை வளர்த்து வருகிறது. அமெரிக்காவில் வரிசை நின்றுபோன பிறகும் அங்கே ஜெர்மானிய எழுத்தாளர்கள் புதுக்கதைகள் எழுதுகின்றனர். 1979 முதல் வெளிவரும் ஒலிநாடகங்களுக்கு நரைத்த தலையினரும் ரசிகர்கள். வாசகர் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஆகவே, உடைமையின் வடிவத்தில்தான் காரணத்தைத் தேட வேண்டும்.

ஹார்டி பாய்ஸ், நான்சி ட்ரூ இரண்டும் எட்வர்ட் ஸ்ட்ராட்டமையர் நிறுவிய கதைத் தொழிற்கூடத்தின் விளைபொருள்கள். கதைச் சுருக்கத்தை நிறுவனம் தரும். எழுதுபவர் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு சகல உரிமைகளையும் எழுதிக் கொடுத்துவிடுவார். லெஸ்லி மெக்ஃபார்லேனும் மில்ட்ரெட் வெர்ட் பென்சனும் தத்தம் முதல் நூலுக்குப் பெற்றது 125 டாலர். அட்டையில் அவர்கள் பெயர்கூட இராது. 1984இல் அந்நிறுவனத்தை சைமன் அண்டு ஷுஸ்டர் வாங்கியபோது பாத்திரங்களும் புனைபெயர்களும் ஒரே கைக்கு மாறின. எழுத்தாளரைச் சுரண்டிய அந்த ஏற்பாடே நூல்களின் நீண்ட ஆயுளுக்கு வழிவகுத்தது என்பது கசப்பான உண்மை.

மூன்று துப்பறிவாளர்களைப் படைத்த ராபர்ட் ஆர்தர், வானொலி நாடகங்களால் பெயர் பெற்றவர். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் பெயரில் வந்த கதைத் தொகுப்புகளைத் திரைமறைவில் தொகுத்தவரும் அவரே. புதிய வரிசைக்கும் ஹிட்ச்காக்கின் பெயர் உரிமத்தின் பேரில் பெறப்பட்டது. அவர் எழுதியதாகத் தோன்றும் முன்னுரைகள் ஆர்தர் எழுதியவை. எனவே பதிப்பகம், ஆசிரியர், ஹிட்ச்காக் என மூன்று தரப்புகள் தொடக்கத்திலேயே வந்துவிட்டன. பத்து நூல்களை எழுதிய ஆர்தர் 1969இல் காலமானார். பின்னர் எம். வி. கேரி, வில்லியம் ஆர்டன் என்ற பெயரில் டென்னிஸ் லிண்ட்ஸ், நிக் வெஸ்ட் என்ற பெயரில் கின் பிளாட், மார்க் பிராண்டல் எனப் பலரும் எழுதினர். 1980இல் ஹிட்ச்காக் மறைந்தபின் அவரது இடத்தில் ஹெக்டர் செபாஸ்டியன் என்ற கற்பனை எழுத்தாளர் அமர்த்தப்பட்டார். பழைய நூல்களின் மறுபதிப்புகளிலும் ஹிட்ச்காக் நீக்கப்பட்டார். ஒரே கதைக்கு இரண்டு பாடங்கள் உருவாயின. ஜெர்மனியிலும் நூல் பதிப்பகத்துக்கும் ஒலிநாடக நிறுவனத்துக்கும் இடையே உரிமை வழக்கு மூண்டது. அதன் நடுவே ஒலிநாடகங்கள் சில காலம் பாத்திரங்களின் பெயர்களை மாற்றி வெளிவர நேர்ந்தது.

இவற்றோடு ஒப்பந்தச் சொற்களின் சிக்கலும் சேர்ந்தது. 1960களின் ஒப்பந்தங்களில் மின்னூல் என்ற சொல்லுக்கே இடமில்லை. 2001இல் இதே ராண்டம் ஹவுஸ், ரோசெட்டா புக்ஸ் மீது தொடுத்த வழக்கில், 'நூல் வடிவில்' வெளியிடும் உரிமை மின்னூலை உள்ளடக்காது என்னும் வாதத்தின் பக்கமே நீதிமன்றம் சாய்ந்து, தடையாணை தர மறுத்தது. 2014இல், 1972ஆம் ஆண்டுச் சிறுவர் நாவலான 'ஜூலி ஆஃப் தி வுல்வ்ஸ்' குறித்த வழக்கில் ஹார்ப்பர்காலின்ஸ் வென்றது. அதன் ஒப்பந்தத்தில் கணினியையும் இனிக் கண்டுபிடிக்கப்படும் மின்னணு வழிகளையும் சுட்டும் தொடர் இருந்தமையே காரணம். ஒரு தொடர் இருப்பதும் இல்லாததும் நூலின் விதியை மாற்றிவிடுகிறது. பலர் எழுதிய வரிசையில் ஒவ்வோர் ஒப்பந்தத்தையும் தேடியெடுத்து, வாரிசுகளிடம் கையொப்பம் பெறச் செலவாகும் வழக்கறிஞர் கட்டணத்தை, மலிவு விலைச் சிறுவர் மின்னூல் ஈடுகட்டுமா என்ற ஐயத்திலேயே கோப்பு மூடப்பட்டுவிடும்.

மின்னூலான வரிசைகளிலும் ஆய்வாளர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். ஹார்டி பாய்ஸின் பழைய நூல்கள் 1959 முதல் சுருக்கித் திருத்தி எழுதப்பட்டன; இனவெறிச் சித்திரிப்புகள் நீங்கின, கூடவே பழைய நடையும் போயிற்று. கடைகளில் மின்னூலாக விற்பவை பெரும்பாலும் இத்திருத்தப் பாடங்களே. 1927ஆம் ஆண்டின் மூலப் பாடங்கள், பதிப்புரிமைக் காலம் முடிந்து 2023 ஜனவரி 1 அன்றுதான் அமெரிக்காவில் பொதுவுடைமையாயின.

அந்தக் கணக்கில், 1964இல் வெளியான 'டெரர் காசில்' அமெரிக்காவில் 2059 இறுதிவரை காப்புரிமைக்குள் இருக்கும். இந்தியச் சட்டமோ ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் எனக் கணக்கிடுகிறது. அதன்படி ஆர்தர் எழுதிய பத்து நூல்களும் 2030 ஜனவரியில் இங்கே பொதுவுடைமையாகும். ஓவியங்களும் ஹிட்ச்காக்கின் பெயரும் அப்போதும் தனி உரிமைகளாகவே நிற்கும். கேரியும் லிண்ட்ஸும் எழுதியவற்றுக்கு இன்னும் நெடுங்காலம் ஆகும்.