வீடு மேட்டில், பிழைப்பு கரையில்

கடலரிப்பில் ஊர் இழந்தவர்களை எப்படிக் குடியமர்த்துவது என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு மேட்டூர்தான் ஞாபகம் வருது. "கடலே இல்லாத சேலத்துக்காரனுக்கு இதுல என்ன?" என்று கேட்கலாம். தண்ணீருக்கு ஊரை விட்டுக்கொடுத்த கதை நமக்கும் உண்டு.

மேட்டூர் அணை வேலை 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்தது. காவிரிக்கரை ஊர்கள் மூழ்கின. சனம் மேட்டுக்கு ஏறியது. 120 அடி நீர்மட்டம் நன்றாக இறங்கினால், பண்ணவாடிப் பக்கம் பழைய கோயில் நந்தியும் கிறிஸ்தவ ஆலய கோபுரமும் வெளியே தெரியும். எல்லாரும் அதைத்தான் படம் எடுக்கிறாங்க. நான் கவனிக்கச் சொல்வது வெள்ளாமையை. தண்ணீர் வடிந்த வண்டலில் இன்றும் சோளம், நிலக்கடலை போடுகிறார்கள். வீடு போனது, மண்ணோடு உறவு போகவில்லை.

கடற்கரைக்கு வருவோம். புதுச்சேரித் துறைமுகத் தடுப்புச்சுவர்கள் 1980-களில் வந்தபின், வடக்கு நோக்கிப் போகும் மணல் தடைபட்டு, பிள்ளைச்சாவடி, பொம்மையார்பாளையம் கரைகள் அரிபட்டன. அணை மாதிரி அதுவும் மனுஷன் கட்டினதுதான். 2004 சுனாமிக்குப் பிறகு வந்த அரசாணையோ, கடலிலிருந்து 200 மீட்டர் தாண்டிப் போனால் புது வீடு, பழைய மனையை விட்டுக்கொடுக்கணும் என்றது. படகும் வலையும் கரையில், வீடு உள்ளே.

குடியிருக்க ஆகாத இடம், பிழைக்க ஆகாத இடம் இல்லை. வீட்டை மேட்டில் கட்டட்டும். காலி செய்த கரையை அந்த ஊருக்கே பொதுவில் எழுதி வைக்கணும். திட்டத்தின் முதல் பக்கத்தில் வரவேண்டியது அதுதான்.