பூஞ்சை என்னும் சொல்லும் டெக்சாஸ் சட்டமும்

டெக்சாஸில் ஏசி மெக்கானிக்குகள் பலர் 'பூஞ்சை' என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை. புளோயரின் மூடியைக் கழற்றுகிறார்கள். கூலிங் காயிலை ஒட்டிய உறையில் கரும்புள்ளிகள் அப்பியிருக்கின்றன. வீட்டுக்காரர் கேட்டால் 'ஏதோ உயிரி வளர்ச்சி' என்கிறார்கள். பில்லிலும் அப்படியே எழுதுகிறார்கள். அந்தச் சொல்லைச் சட்டம் தடுக்கிறது என்பது தொழிலில் பரவியுள்ள எண்ணம். சட்டம் பார்ப்பது சொல்லை அன்று, நோக்கத்தை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அச்சத்துக்குப் பின்னணி உண்டு. 2001இல் டிரிப்பிங் ஸ்பிரிங்ஸ் ஊரில் பூஞ்சை பிடித்த ஒரு வீட்டின் காப்பீட்டு வழக்கில் ஜூரிகள் சுமார் 3.2 கோடி டாலர் வழங்கத் தீர்ப்பளித்தனர். மேல்முறையீட்டில் அது ஏறத்தாழ 40 லட்சமாகக் குறைந்தது. 2003இல் மாநிலச் சட்டமன்றம் பூஞ்சை மதிப்பீட்டுக்கும் அகற்றலுக்கும் உரிமம் தேவை என்றது. தொழில்கள் சட்டத் தொகுப்பின் 1958ஆம் அத்தியாயம் அது. பூஞ்சை இருக்கிறதா, எவ்வகை என்று உரிமையாளருக்குத் தெரிவிப்பதற்காகக் கட்டடத்தைச் சோதிப்பதும், மாதிரி எடுப்பதும் அதன்படி 'மதிப்பீடு'.

இவ்வரையறையை மட்டும் படித்தால் மெக்கானிக் வாய் திறக்கவே முடியாது. ஆனால் அதே அத்தியாயம் விலக்கும் தருகிறது: பூஞ்சை மதிப்பீட்டையோ அகற்றலையோ நோக்கமாகக் கொள்ளாத ஏசி, டக்ட் பழுதுபார்ப்பும், அவ்வேலையின்போது பூஞ்சை தற்செயலாகக் கண்ணில் படுவதும் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. ஒரே பணியில் மதிப்பீட்டையும் அகற்றலையும் ஒருவரே செய்யக் கூடாது என்ற விதியும் சட்டம் நோக்கத்தைப் பார்ப்பதையே காட்டுகிறது. நோயைச் சொல்பவரே மருந்தையும் விற்பதுதான் சட்டத்தின் கவலை.

வாய் மூடியிருப்பதே பாதுகாப்பு என்று நிறுவனங்கள் கருதலாம். ஆனால் 'உயிரி வளர்ச்சி' என்று கேட்டவருக்கு எதுவும் புரிவதில்லை. அடைத்த வடிகால் குழாய் அப்படியே கிடக்கிறது, ஈரமும் நிற்கிறது. மேலும், தொழில் உரிமச் சட்டங்கள் பேச்சுரிமைக்கு அப்பாற்பட்டவை அல்ல என்று டெக்சாஸை உள்ளடக்கிய ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல், மிசிசிப்பியிலிருந்து வந்த ஒரு நில அளவை வழக்கில் தீர்ப்பளித்தது.

அதற்காக எதையும் சொல்லலாம் என்றில்லை. இல்லாத பூஞ்சையைக் காட்டி டக்ட் சுத்தம் விற்பது நுகர்வோரை ஏமாற்றுவதே. கண்ணால் பார்த்து மட்டும் பூஞ்சை என்று உறுதிசெய்யவும் முடியாது. ஒட்டுநாடாவில் எடுத்த மாதிரியைச் சுமார் 50 டாலருக்குச் சோதித்துச் சொல்லும் ஆய்வகங்கள் உண்டு என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை டக்ட் சுத்தம் பற்றிய தன் கையேட்டில் குறிப்பிடுகிறது.

ஆகவே எல்லை தெளிவு. பூஞ்சையின் வகை, அதனால் வரும் நோய், அகற்றும் திட்டம் ஆகியவை உரிமம் பெற்றவரும் மருத்துவரும் பேச வேண்டியவை. 'இங்கே பூஞ்சை போலத் தெரிகிறது, வடிகால் அடைத்து ஈரம் தேங்கியிருக்கிறது, உறுதிசெய்ய உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரைக் கூப்பிடுங்கள்' என்று மெக்கானிக் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.