ஜாம் போத்தலும் மாமைற் போத்தலும்: கண்ணாடிக்குள் நெருப்பு வைத்த கதை

போத்தலுக்குள் மெழுகு ஊற்றி மெழுகுதிரி செய்வது இப்ப எங்கட வயதுக்காரரிட்ட நல்லாப் பரவியிருக்கு. நண்பர்களுக்குப் பிறந்தநாள் பரிசா, சின்னக் கைத்தொழிலா, சோதனை முடிஞ்ச விடுமுறைக்கு ஒரு பொழுதுபோக்கா எண்டு கனபேர் செய்யினம். மெழுகையும் திரியையும் வாசனை எண்ணெயையும் தேடித்தேடி வாங்குவம். போத்தல் மட்டும் வீட்டில கிடக்கிறதில வடிவானது ஒண்டு. ஆனால் இந்தத் தீவில் கண்ணாடிப் போத்தலில் நெருப்பு வைப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. எந்தப் போத்தல் என்பது அந்த வரலாற்றில் அழகைப் பற்றிய கேள்வியாக இருக்கவில்லை. ஒரு இரவுக்கு எவ்வளவு எண்ணெய் செலவாகும், விளக்குச் சரிந்தால் யாருடைய உடம்பு எரியும் என்பதே கேள்வியாக இருந்தது.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். கம்பஸில் சீனியர் ஒருவரோ பட்ச்சில் கெட்டிக்காரர் ஒருவரோ சோதனைக்கு முன்னர் மற்றவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதை நாங்கள் 'குப்பி' என்கிறோம். சிங்கள மாணவர்களும் அதையே சொல்கிறார்கள். குப்பி லாம்பு வெளிச்சத்தில் கூடியிருந்து படித்ததிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பதுதான் வளாகங்களில் சொல்லப்படும் விளக்கம். வடக்கில் எங்களுக்கு முந்தின தலைமுறைக்குக் 'குப்பி' என்றதும் கழுத்தில் தொங்கிய இன்னொரு கண்ணாடிக் குப்பிதான் ஞாபகத்துக்கு வரும். மருந்துப் போத்தலில் துளையிட்டு, திரி போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி எரித்த அந்தச் சின்ன விளக்கோ இரண்டு மொழிக்காரரின் வீடுகளிலும் இருந்தது.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமல் போனது. கூடவே பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல், பற்றரி, உரம், சீமெந்து என்று தடைப்பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் வந்தாலும் அளவாகத்தான் வந்தது, கொழும்பு விலையைவிடப் பல மடங்கு விலைக்குத்தான் கிடைத்தது. மோட்டார் சைக்கிளும் அதில்தான் ஓடியது, தோட்டத்துக்கு நீர் இறைக்கிற இயந்திரமும் அதில்தான் ஓடியது. விளக்குக்கு மிஞ்சியது கொஞ்சம். சிமிலி வைத்த பழைய அரிக்கன் லாம்பை இரவு முழுக்க எரிப்பது பெரும்பாலான வீடுகளுக்குக் கட்டுபடியாகவில்லை.

அந்த நிலைமையில் பரவியதுதான் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. பஞ்சு ஊறுகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். திரியைப் பிடித்து நிறுத்த ஒரு சின்ன உலோகத் துண்டு, பல வீடுகளில் அது கழித்துவிட்ட சைக்கிள் வால்வு. சுடர் போத்தலுக்கு உள்ளேயே எரியும். போத்தலின் சுவர்தான் சிமிலி.

ஏன் ஜாம் போத்தல்? வாய் அகலமானது எண்டபடியால் உள்ளே காற்றுப் போகும், கையை விட்டுத் திரியையும் சரிசெய்யலாம். ஒடுங்கின கழுத்துள்ள சோடாப் போத்தலுக்குள் சுடரை வைத்தால் மூச்சு முட்டி அணைந்துவிடும். உயரம் அளவானது, காற்றடித்தால் சுடரை மறைக்கும். சூடான ஜாமை ஊற்றி மூடுவதற்கென்று செய்த போத்தல் ஆனதால் ஓரளவு வெப்பத்தையும் தாங்கும். பஞ்சுக்கும் ஒரு காரணம் இருந்தது. எண்ணெய் தளம்பாமல் பஞ்சு அதைப் பிடித்து வைத்துக்கொண்டது, சொட்டுக் கணக்கில் ஊற்றினாலும் திரிக்கு எட்டியது. இதை எந்தப் பொறியியலாளரும் வரைந்து கொடுக்கவில்லை. வீட்டுக்கு வீடு பார்த்துப் பழகிச் செய்த தொழில்நுட்பம் அது.

அதே காலத்தில் தெற்கில் இன்னொருவர் போத்தல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். விஜய கொடகும்புர ஒரு சத்திரசிகிச்சை நிபுணர். மின்சாரம் எட்டாத கிராமங்களிலிருந்தும் ஏழை வீடுகளிலிருந்தும் எரிகாயங்களோடு வந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்தவர். பலருடைய காயத்துக்குக் காரணம் ஒன்றுதான்: மருந்துப் போத்தலில், தகரப் பேணியில், எரிந்துபோன மின்குமிழில் செய்த விளக்கு. மெல்லிய, உயரமான பாத்திரம். கைபட்டால் சரியும், சரிந்தால் உருளும், தளர்வாகச் செருகிய திரிக்குழாய் கழன்று எண்ணெய் கொட்டும், அல்லது கண்ணாடியே உடையும். பாயில் படுத்திருக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் இது நடந்தால் என்ன ஆகும் எண்டு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

அவர் விளக்கை மாற்ற நினைத்தபோது அவருக்கு வழிகாட்டியது மாமைற் போத்தல். குட்டை, பாரம், அடி அகலம். 1992 இல் அவர் தொடங்கிய 'சுதீப' விளக்கு இந்த வடிவிலிருந்துதான் பிறந்தது. சிங்களத்தில் நல்ல விளக்கு என்று பொருள். தடித்த கண்ணாடி, விழுந்தாலும் இலகுவில் உடையாது. இரண்டு பக்கம் தட்டையானது, சரிந்தாலும் உருளாது. மூடி உலோகத்தில் செய்த திருகு மூடி, கவிழ்ந்தாலும் எண்ணெய் கொட்டாது. கழிவுக் கண்ணாடியை உருக்கி மிகக் குறைந்த விலைக்குச் செய்யக் கூடியதாக இருந்தது. இலட்சக்கணக்கில் செய்து மக்களிடம் சேர்த்தார்கள். 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே தீவு, ஒரே ஆண்டுகள், சமையலறையில் மிஞ்சிய இரண்டு போத்தல்கள். வடக்கின் கணக்கு எண்ணெயை மிச்சம் பிடிப்பது. தெற்கின் கணக்கு தோலைக் காப்பாற்றுவது. ஒன்றில் சுடர் உள்ளே, மற்றதில் வெளியே. ஆனால் எண்ணெயைத் தளம்ப விடக்கூடாது என்ற சிக்கல் இரண்டுக்கும் பொது. ஜாம் போத்தலில் அதற்குப் பதில் பஞ்சு, சுதீபவில் திருகு மூடி.

சூட்டில் உடைகிற கண்ணாடி உலகம் முழுவதும் இருந்த தலையிடிதான். ஜெர்மனியின் யேனா நகரில் ஒட்டோ ஷொட் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் போரோசிலிக்கேற் கண்ணாடியை உருவாக்கினார். அதைப் பெருமளவில் வாங்க வைத்தது எரிவாயு விளக்குகளின் சிமிலி. அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனமும் முதலில் றெயில்வே லாம்புகளுக்காகத்தான் சூடு தாங்கும் கண்ணாடியைத் தேடியது. சூடேறிய கண்ணாடியில் மழையும் பனியும் பட்டதும் அது வெடித்தது. அந்தத் தேடலின் தொடர்ச்சியாகத்தான் 1915 இல் பைரெக்ஸ் சமையல் பாத்திரம் சந்தைக்கு வந்தது. ஜாம் போத்தல் இந்த வகைக் கண்ணாடி இல்லை. அது சாதாரண சோடா சுண்ணாம்புக் கண்ணாடி. சூட்டில் போரோசிலிக்கேற்றைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விரியும். ஒரு பக்கம் சூடாகி மறுபக்கம் குளிர்ந்திருந்தால் வெடிக்கும். யாழ்ப்பாணத்தில் அதை வைத்துச் சமாளிக்க முடிந்ததற்கு, சுடர் சின்னதாக இருந்ததும் ஒரு காரணம். அதாவது, வெளிச்சமும் குறைவு.

இதை நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஜாம் போத்தல் விளக்கைப் பற்றிக் கதைக்கும்போது 'எங்கட சனம் எதையும் செய்து தப்பும்' எண்டு பெருமையோடு முடித்துவிடுகிறோம். அந்தப் பெருமைக்கு நியாயம் இருக்கு. ஆனால் அந்த வெளிச்சத்தில் சாதாரண தரமும் உயர்தரமும் படித்த பிள்ளைகள் புகையைச் சுவாசித்துக்கொண்டு, எழுத்துத் தெரியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் படித்தார்கள். பற்றரியும் மின்குமிழும் எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்ட உலகத்தில், அவற்றை ஒரு மக்கள்கூட்டத்துக்குக் கிடைக்கவிடாமல் செய்த முடிவின் விளைவு அது. கண்டுபிடிப்பை மட்டும் கொண்டாடினால் அந்த முடிவு கதையிலிருந்து மறைந்துவிடும். தெற்கின் கதையிலும் இதே எச்சரிக்கை வேண்டும். சுதீப நல்ல விளக்கு. ஆனால் அது தேவைப்பட்டதே மின்கம்பி ஏழை வீடு வரைக்கும் போகாததால்தான்.

இது பழங்கதை எண்டும் நினைக்க வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு நடந்தது எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதே வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரேயடியாக ஏறியது. இந்த முறை அடி தோட்டத்து லயங்களிலும் கரையோரக் குடிசைகளிலும் கூடுதலாக விழுந்தது.

இனி எங்கட வாசனை மெழுகுதிரிக்கு வருவம். போத்தல் தெரிவுசெய்யேக்க இந்த வரலாறு நேரடியா உதவும். ஜாம், ஊறுகாய் வந்த தடித்த போத்தல் பரவாயில்லை. மெல்லிய வைன் கிளாஸ், தண்டுள்ள கிளாஸ், கீறல் விழுந்த போத்தல் வேண்டாம். அடி அகலமா, குட்டையா இருக்கிறதை எடுங்கோ. மேலே போகப்போக ஒடுங்கும் போத்தலில் சூடு வாயருகே தேங்கும். திரி சரியா நடுவில் நிற்கட்டும், ஒரு பக்கம் சரிந்தால் அந்தப் பக்கக் கண்ணாடி மட்டும் சூடாகும். அடியில் ஒரு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட மெழுகு மிஞ்சியதும் அணைத்துவிடுங்கோ, கடைசிவரை எரித்தால் சுடரின் சூடு நேரே அடிக் கண்ணாடியில் விழும். சூடான போத்தலைக் குளிர்ந்த கல்லிலோ தண்ணியிலோ வைக்கக் கூடாது.

எங்களுக்கு ஒரு கடையில் பத்து வகைப் போத்தலைப் பார்த்துத் தெரிவுசெய்யும் வசதி இருக்கிறது. அவர்கள் கையில் இருந்ததைத் தெரிவுசெய்தார்கள், அதையும் யோசித்துத்தான் தெரிவுசெய்தார்கள். அந்த யோசனை எங்கேயும் முறையாக எழுதிவைக்கப்படவில்லை. எவ்வளவு பஞ்சு, எத்தனை கரண்டி எண்ணெய், எத்தனை மணித்தியாலம் எரிஞ்சது, எப்ப வெடிச்சது, யாருக்குச் சுட்டது எண்டு சொல்லக்கூடியவர்கள் இன்னும் எங்கட வீடுகளில் இருக்கினம். ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கோ. செய்து காட்டச் சொல்லிப் படமும் எடுங்கோ. எழுதி அனுப்பினால் நாங்கள் தொகுக்கத் தயாராக இருக்கிறோம்.